விஞ்ஞானக் கதைகளில் பெண்ணின் சம்மதம்

வரப்போகும் காலத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு அளவற்ற உரிமை உண்டு. அவன் நினைத்தால் மனிதனைச் செவ்வாய்க் கோளில் குடியேற்றலாம். மழையை வேண்டிய நாளில் வேண்டிய வயலில் பெய்விக்கலாம். இரும்பையும் கம்பியையும் பேசவைக்கலாம். இத்தனையும் மாற்றுகிறவன் எதை மாற்றாமல் விட்டுவைக்கிறான் என்று பார்ப்பது திறனாய்வாளனின் வேலை. அவ்வாறு நோக்குமிடத்து, தமிழ் மக்கள் பெருந்திரளாகப் படித்தும் பார்த்தும் மகிழ்ந்த விஞ்ஞானக் கதைகளில் ஒன்று மட்டும் பழைய இடத்திலேயே கிடப்பதைக் காண்கிறோம். பெண்ணைத் தூக்குகிறார்கள்; காப்பாற்றுகிறார்கள்; காதலிக்கிறார்கள்; அரியணையில்கூட ஏற்றுகிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்பவர் அருமை.

இப்படியொரு குறையைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு உரியதன்று. 2010 அக்டோபரில் 'எந்திரன்' திரைக்கு வந்த நாள் தொட்டே ரசிகர்களுக்குள் இந்த வழக்கு நடந்து வருகிறது. பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கூடிப் பேசும் சில நண்பர்களின் நடுவிலும் அது பலமுறை எழுந்திருக்கிறது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும் சாந்தோம் பக்கத்திலும் வாழும் குடும்பத்தார் அவர்கள். குடும்பத்தோடு வருவதால் பெண்மக்களும் பேச்சில் கலந்துகொள்வார்கள். விடுமுறை நாளில் தொலைக்காட்சியில் அப்படம் மறுபடி ஓடினால் மறுநாள் வழக்கும் மறுபடி எழும். பொழுதுபோக்குப் படத்துக்கு இவ்வளவு விசாரணை எதற்கு என்று கேட்பவரும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடநூலைப் படித்ததைவிடப் பன்மடங்கு முறை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் விடை.

இத்தகைய வழக்காடல் நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஆன் மெக்காஃப்ரி என்ற ஆங்கில எழுத்தாளர் 'பெர்ன்' என்னும் கற்பனைக் கோளைப் பற்றி ஒரு நெடுந்தொடர் எழுதினார். அதன் முதற் புதினம் 1968-இல் நூலாயிற்று. அங்கே பறக்கும் பெருநாகங்களும், அவற்றோடு உள்ளத்தால் பிணைக்கப்பட்ட மனிதர்களும் வாழ்கிறார்கள். நாகங்கள் இணை சேரும் வேளையில் அவற்றின் வேகம் மனிதர்களையும் பற்றிக்கொள்கிறது. தன் உணர்வு தன் வசத்தில் இல்லாத அந்த வேளையில் அப்பெண் இசைந்தாள் என்று சொல்ல முடியுமா என்று, அத்தொடரை உயிராக நேசித்த வாசகர்களே பல்லாண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். நேசித்தவர்களே கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெறுப்பவன் நூலை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவான், வழக்காட வரமாட்டான்.

'எந்திரன்' கதை தெரியாத தமிழர் இல்லையென்றாலும், நம் வழக்குக்கு வேண்டிய மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். வசீகரன் என்னும் விஞ்ஞானி தன் உருவத்திலேயே சிட்டி என்னும் எந்திர மனிதனைப் படைக்கிறார். அதனால் மனிதருக்குப் பயன் உண்டு என்று காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு. ஒரு கட்டடத்தில் தீப்பற்றுகிறது. சிட்டி உள்ளே புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் அவள் இருந்த கோலத்திலேயே தூக்கிவந்து தெருவில், கூட்டத்தின் நடுவில், படக்கருவிகளின் முன்னால் நிறுத்திவிடுகிறது. அவள் மானம் பொறுக்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள்.

தமிழ்த் திரைப்படம் ஒன்றில் இவ்வளவு உண்மையான கட்டம் அடிக்கடி வருவதில்லை. உயிரைக் காத்தவனே உயிர் போகக் காரணமாகிறான். இயக்குநர் ஷங்கர் இதை வேடிக்கைக்காக வைக்கவில்லை. சிட்டியின் தோல்வியாகவே வைத்திருக்கிறார். அந்த அளவில் அவரைப் பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தோல்விக்குப் படம் சொல்லும் காரணம் எது? சிட்டிக்கு உணர்ச்சி இல்லை, அதனால்தான் இப்படி நேர்ந்தது என்கிறது. ஆகவே வசீகரன் அதற்கு உணர்ச்சியை ஊட்டப் புறப்படுகிறார். இங்கேதான் படம் வழி தவறுகிறது என்பது என் துணிபு. தீயின் நடுவே நின்ற அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஒரு துணி, அதற்கு முன்னால், "உன்னைத் தூக்கலாமா, என்ன வேண்டும்?" என்ற ஒரு கேள்வி. அக்கேள்வியைக் கேட்க உணர்ச்சி வேண்டியதில்லை. இரும்பால் ஆன வாயும் கேட்கலாம். நம் மருத்துவமனைகளில் அன்பே இல்லாத தாதியும் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் நோயாளியின் உடையைத் தொடுகிறாள். அதற்குப் பெயர் பாசமில்லை, பழக்கம். வசீகரன் சிட்டிக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்காமல் காதலிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

இதன் விளைவு அடுத்த இடத்தில் தெரிகிறது. உணர்ச்சி பெற்ற சிட்டி, வசீகரனின் காதலியான சனாவின் சகோதரிக்கு நேர்ந்த கடினமான பிரசவத்தில் தாயையும் சேயையும் காக்கிறது. சனா நன்றிப் பெருக்கில் அதற்கு ஒரு முத்தம் தருகிறாள். அந்த நொடியிலிருந்து சிட்டிக்கு அவள்மேல் காதல். நன்றியைக் காதலாகப் படித்துக்கொள்ளும் ஆண்பிள்ளைகளை நாம் எந்திர உலகத்தில் தேட வேண்டியதில்லை. கல்லூரியில் குறிப்பேட்டை இரவல் கொடுத்தவனும், பேருந்தில் இடம் விட்டுக்கொடுத்தவனும் ஒரு புன்னகைக்குப் பொருள் தேடிக்கொண்டு பின்தொடர்வதை நம் பெண்மக்கள் அன்றாடம் அறிவார்கள். சனா தெளிவாகவே மறுக்கிறாள். தான் நட்பாகவே எண்ணியதாகச் சொல்கிறாள். ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை.

பின்னர் நடப்பதே மூன்றாவது இடம். வசீகரனால் வெட்டித் துண்டாக்கப்பட்டுக் குப்பையில் எறியப்பட்ட சிட்டியை வேறொரு விஞ்ஞானி தீய நோக்கோடு உயிர்ப்பிக்கிறார். அது சனாவை மணக்கோலத்திலிருந்தே கவர்ந்து சென்று சிறைவைக்கிறது. அவளால் தன் குலத்தைப் பெருக்கப் போவதாகவும் சொல்கிறது. இது கொடுமை என்று படமும் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அரங்கில் கண்ணீர் எப்போது வந்தது என்று நினைத்துப் பாருங்கள். இறுதியில் சிட்டி தன்னைத் தானே கழற்றி வைத்துவிட்டு விடைபெறும்போது வந்தது. சிறையிருந்து மீண்ட சனாவுக்காக அழுதவர் யார்? தெருவில் மாண்டுபோன அந்தப் பெண்ணை அந்நேரம் நினைத்தவர் யார்? காதலித்துத் தோற்றவனின் துயரத்துக்கு இசையும் நேரமும் தாராளமாகக் கிடைக்கின்றன. காதலிக்கப்பட்ட குற்றத்துக்காகச் சிறையிருந்தவளின் துயரம் சண்டைக் காட்சிகளின் இரைச்சலில் கேட்பதில்லை.

எங்கள் பேச்சில் ஒரு முதிய ஆசிரியர் சிட்டியின் பக்கம் வாதாடினார். எந்திரத்தின்மேல் குற்றம் சுமத்துவது எப்படி நியாயமாகும்? அது படைத்தவன் இட்டதைத்தானே செய்யும் என்றார். கணினி பயிலும் ஒரு மாணவி, அப்படியானால் வழக்கு படைத்தவன்மேல்தான் என்றாள். ஆசிரியர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். எனக்கும் அம்மாணவியின் கூற்றே சரியெனத் தோன்றுகிறது. எந்திரத்துக்கு என்ன விதி இடுகிறோம் என்பதில் நாம் யார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

விதி என்றதும் ஐசக் அசிமோவை நினையாதிருக்க முடியாது. எந்திர மனிதருக்கு அவர் வகுத்த மூன்று விதிகள் 1942-இல் வெளியான ஒரு சிறுகதையில் முழுமையாக இடம்பெற்றன. மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரப் பார்த்துக்கொண்டும் இராதே என்பது முதலாவது. மனிதன் இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படி என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் முரணாகாத வரையில் உன்னைக் காத்துக்கொள் என்பது மூன்றாவது. எத்தனையோ எழுத்தாளர்கள் இவ்விதிகளை வேதம்போல் எடுத்தாண்டிருக்கிறார்கள். இவற்றில் தீங்கு உண்டு, கட்டளை உண்டு, காவல் உண்டு. சம்மதம் மட்டும் இல்லை. தீக்குள் புகுந்த சிட்டியை இம்மூன்று விதிகளால் விசாரித்தால் குற்றமற்றவன் என்றே தீர்ப்பாகும். தீங்கு என்பது எதுவரை என்னும் ஐயம் அசிமோவுக்கும் இருந்தது. 1941-இல் அவர் எழுதிய ஒரு கதையில் மனிதரின் மனத்தைப் படிக்கும் எந்திரம் ஒன்று வருகிறது. உண்மை சொன்னால் மனம் புண்படும் என்பதால் அது ஒவ்வொருவருக்கும் இனிக்கும் பொய்யைச் சொல்கிறது. சூசன் கால்வின் என்னும் பெண் விஞ்ஞானியிடம், அவள் விரும்பும் ஆண் அவளைக் காதலிப்பதாகவும் சொல்லிவிடுகிறது. உண்மை தெரிந்தபோது அவள் அடைந்த அவமானமே கதையின் உச்சம். இரக்கத்தால் செய்யப்பட்ட தீங்கு அது. தீப்பிடித்த வீட்டில் நடந்ததும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

சம்மதம் என்பது மேல்நாட்டார் அண்மையில் கண்டெடுத்த புதுச்சரக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் வாசகக் குடும்பங்களுக்கு இது வியப்பாகவே இருக்கும். நிக்காஹ் நடைபெறும் நாளில் மணமகளின் பக்கத்து வலீயும் வக்கீலும் சாட்சிகளும் பெண்ணிருக்கும் இடத்துக்குச் சென்று, இன்னார் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு உன்னை மணமுடித்துக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு வருவதை நாம் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த திருமணத்தைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் முறையிட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவான செய்தி.

ஆனால் நம் வீடுகளைப் பற்றியும் உண்மையைப் பேசிவிட வேண்டும். வக்கீல் பதிவேட்டோடு உள்ளே வரும்போது மண்டபத்தில் பிரியாணி தயாராகிவிட்டது, உறவினர் கூடிவிட்டனர், மாப்பிள்ளை வந்து அமர்ந்துவிட்டார். தலை குனிந்திருக்கும் பெண்ணிடம் அப்போது கேட்கப்படும் கேள்விக்கு, "இல்லை" என்றும் ஒரு விடை உண்டு என்று அவளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? பல சமயங்களில் பக்கத்தில் நிற்கும் பெரியம்மாவே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார். நாணத்தால் பேச மாட்டாத கன்னிப் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம் என்பது அவளுக்கு அளிக்கப்பட்ட சலுகை. மறுக்கும் வழி திறந்திருக்கும்போதுதான் மௌனத்துக்கு அந்தப் பொருள் பொருந்தும். சனாவின் முத்தத்துக்குச் சிட்டி தனக்கு வேண்டிய பொருளைக் கொண்டதைக் கண்டிக்கிற நாம், நம் பெண்ணின் குனிந்த தலைக்கு நமக்கு வேண்டிய பொருளைக் கொள்ளாமலா இருக்கிறோம்?

'எந்திரன்' வசனத்தில் பங்குகொண்ட சுஜாதா, அது வெளிவருவதைக் காணாமலே 2008 பிப்ரவரியில் மறைந்தார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்த அவர், 1980-களில் 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரும், அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வும் தமிழ் வாசகர்களுக்கு விஞ்ஞானக் கதையின்மேல் ஆசையை உண்டாக்கியவை. படத்தைவிட அக்கதை நம் கேள்வியை ஆழமாகத் தொட்டது என்று கருதுகிறேன்.

அக்கதையில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி நடக்கிறது. மக்களின் பெயர் இரண்டெழுத்துக்குமேல் போகக்கூடாது. முதியவர்களுக்கு வாழும் காலம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கதைநாயகி நிலா ஒரு சாதாரண இல்லத்தரசி. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு தரும் அனுமதிக்காகக் காத்திருந்து, அது கிடைத்ததும் மகிழ்ந்துபோகிறாள். அந்த மகிழ்ச்சியைப் படிக்கும்போது நமக்கு உண்டாகும் நடுக்கமே ஆசிரியரின் வெற்றி. தன் உடலைப் பற்றிய முடிவுக்குச் சம்மதம் தர வேண்டியவள், இங்கே பிறருடைய சம்மதத்தை இரந்து நிற்கிறாள். அதிலே ஒரு தவறு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

இதனை வெறும் கற்பனையென்று அன்றைய வாசகர்கள் தள்ளியிருக்க முடியாது. நெருக்கடி நிலைக் காலம் முடிந்து பத்தாண்டுகளே கழிந்திருந்தன. 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸார் இரவில் சுற்றி வளைத்து, அங்கிருந்த முஸ்லிம் ஆண்களைப் பிடித்துச் சென்று கட்டாயக் கருத்தடை செய்வித்த செய்தி நாடறிந்தது. அரசு கேளாமல் உடலைத் தொடும் என்பதை அக்கிராமத்து ஆண்களும் அன்று அறிந்துகொண்டார்கள். இந்த வழக்கைப் பெண்களின் வழக்கு என்று ஒதுக்கிவைப்பவர்கள் உட்டாவரை எண்ணிப் பார்க்கலாம்.

நிலாவின் வீட்டுக்கு அரசு ஒதுக்கீட்டின் பேரில் ரவி என்பவன் ஜீனோ என்னும் எந்திர நாயுடன் குடிவருகிறான். கணவன் சிபி காணாமற்போகிறான். ரவியும் அவன் கூட்டாளி மனோவும் ஜீவாவை வீழ்த்தத் திட்டமிடுகிறார்கள். நிலா அத்திட்டத்துக்குள் இழுக்கப்படுகிறாள். ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை, ஒளியால் ஆக்கிய வெறும் உருவமே என்பது தெரியவருகிறது. அதன்பின் மக்கள்முன் நிறுத்த ஒரு முகம் வேண்டியிருக்கிறது. நிலா அந்த முகமாகிறாள். இரண்டாம் பாகத்தில் அவள் ராணி. ஆளுகிறவர்கள் ரவியும் மனோவும். ஒளி உருவத்துக்குப் பதிலாக உயிருள்ள உருவம், அவ்வளவே வேறுபாடு. பெண்ணை அரியணையில் ஏற்றுவதும் அவளைக் கேளாமல் செய்த காரியமானால் அது இன்னொரு வகைச் சிறையே என்பதைச் சுஜாதா அறிந்திருந்தார். உள்ளாட்சித் தேர்தல்களில் மனைவியை நிறுத்திவிட்டுத் தாமே நாற்காலியில் அமரும் கணவர்களைப் பார்த்த நமக்கு இந்த ராணி அந்நியமானவளல்லள்.

ஆனால் இங்கும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நூல்களைப் படித்துப் படித்து அறிவு வளர்ப்பதும், கேள்வி எழுப்புவதும், துணிவதும் பெரும்பாலும் ஜீனோவின் பங்காகிவிட்டன. வாசகர்கள் ஜீனோவைக் கொண்டாடினார்கள், இன்றும் கொண்டாடுகிறார்கள். நிலாவின் சார்பில் ஓர் எந்திர நாய் சிந்திக்கிறது. அது இனிய நாய்தான், மறுக்கவில்லை. எனினும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்க வேண்டிய அறிவை நாய்க்குக் கொடுத்தபோது ஆசிரியரின் கை சற்றே தயங்கியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

நிலா என்னும் பெயர் 2018-இல் மறுபடி வந்தது. 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியாக வந்த '2.0' படத்தில் வசீகரனுக்கு உதவியாளாக ஓர் எந்திரப் பெண், பெயர் நிலா. இனிமையும் அறிவும் அழகும் உள்ள உதவியாள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து அப்பெயரை அமைத்திருக்கிறார்கள். முதற் படத்தில் மறுக்கத் தெரிந்த சனாவோ இப்படத்தில் திரையில் தோன்றுவதே இல்லை. தொலைபேசியில் கேட்கும் குரலாக மட்டும் இருக்கிறாள். "வேண்டாம்" என்று சொன்னவள் குரலாகச் சுருங்கிவிட்டாள். அந்த வார்த்தையை அறியாதவள் அவள் இடத்துக்கு வந்துவிட்டாள். சிட்டிக்கும் ஏற்ற இணையாக இந்த நிலாவே காட்டப்படுகிறாள். ஒரு பெண் மறுத்ததால் எழுந்த சிக்கலுக்கு, மறுக்க இயலாத பெண்ணைச் செய்துகொள்வதே தீர்வு என்று படம் எண்ணியதா, அல்லது அறியாமலே அங்கே போய்ச் சேர்ந்ததா? அறியாமல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது இன்னும் கவலைக்குரியது.

இத்தனைக்கும் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்ட ஒரு விஞ்ஞானக் கதை சென்னையிலேயே 1905-இல் அச்சாகியிருக்கிறது. எழுதியவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ருகையா ஸகாவத் ஹுஸைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' அது. கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மாகஸின்' அதை வெளியிட்டது. பின்னாளில் கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி நடத்திப் பெரும்பணி செய்து, 1932-இல் மறைந்தவர் ருகையா. (நம் தமிழில் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை 1938-இல் வெளியிட்டார். அது விஞ்ஞானக் கதையன்றாயினும், நம் பெண்மக்கள் பேனாவைத் தொட்டது நேற்று முன்தினம் அல்ல என்பதற்காகச் சொன்னேன்.)

ருகையாவின் கதையில் சுல்தானா கண்ணயர்ந்து, பெண்கள் நாடு ஒன்றில் விழிக்கிறாள். அங்கே ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேரே நீரெடுக்கிறார்கள், வானூர்தியில் செல்கிறார்கள். இருபத்தொரு வயதுக்குமுன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்பது அரசியின் ஆணை. நூற்றிருபது ஆண்டுகளுக்குமுன் சூரிய ஆற்றலைப் பற்றி எழுதிய துணிவைப் பலர் புகழ்கிறார்கள். நான் வியப்பது வேறோர் இடத்தில்.

ஆண்கள் எப்படி உள்ளே போனார்கள்? அண்டை நாட்டோடு போர் மூள்கிறது. ஆண்கள் போரிட்டுத் தோற்று, காயமும் களைப்புமாகக் கிடக்கிறார்கள். பல்கலைக்கழகத் தலைவி தன்னிடம் ஒரு வழி இருப்பதாகச் சொல்லி, பெண்கள் வெளியே புறப்படுமுன் ஆண்கள் அந்தப்புரம் புக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறாள். அவர்கள் மறுபேச்சின்றி உள்ளே போய்விடுகிறார்கள். தலைவி இரண்டாயிரம் மாணவிகளோடு சென்று, சூரியனின் ஒளியையும் வெப்பத்தையும் குவித்துப் பகைவர்மேல் பாய்ச்சி வெல்கிறாள். போர் முடிந்தபின் போலீஸ் அதிகாரிகளும் மாவட்ட நீதிபதிகளும் தங்களை வெளியே விடும்படி வேண்டுகிறார்கள். தேவைப்பட்டால் அழைப்போம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று அரசி சுற்றறிக்கை விடுகிறாள்.

இதைப் படிக்கும் ஆண் வாசகன் கொதித்தெழுவான். களைத்துக் கிடந்தவனிடம் வாங்கிய இசைவு இசைவாகுமா? ஒருநாள் நெருக்கடிக்குத் தந்த ஒப்புதலை ஆயுள் முழுமைக்கும் நீட்டிக்கலாமா? திரும்பப் பெற விரும்பியபோது ஏன் செவிசாய்க்கவில்லை? எங்கள் முதிய ஆசிரியரும் இதே மூன்று கேள்விகளையும் எழுப்பினார். மூன்றும் நியாயமானவை. சம்மதத்தின் இலக்கணம் முழுவதும் அம்மூன்றில் அடங்கிவிடுகிறது. ருகையா அதைப் பெண்ணின் வாயால் சொல்லவைக்கவில்லை, ஆணையே சொல்லவைத்துவிட்டார். அந்தப்புரத்தின் வாசலில் நிற்கும்வரை எந்த ஆணுக்கும் இக்கேள்விகள் தோன்றியிருக்க மாட்டா என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதையில் வேறொரு நுட்பமும் உண்டு. அந்நாட்டு ஆண்கள் யாரும் நம் கண்முன் வந்து நின்று பேசுவதில்லை. அவர்கள் கேட்டதும் கேட்கப்பட்டதும் பிறர் வாயிலாகவே வருகின்றன. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சனாவைத் தொலைபேசிக் குரலாக்கியவர்களுக்குச் சுல்தானாவின் கனவு தெரிந்திருக்கும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் திரைக்கு வெளியே ஒருவரை நிறுத்தினால் அவர் எப்படி மறைந்துபோவார் என்பதை ருகையா நன்கு அறிந்தே, திரைக்குள் இருந்தபடியே எழுதினார். பாகல்பூரில் டெப்டி மாஜிஸ்திரேட்டாக இருந்த அவருடைய கணவர் ஸகாவத் ஹுஸைன், சுற்றுப்பயணத்திலிருந்து திரும்பியதும் கையெழுத்துப் பிரதியை வாங்கி, உட்காரவும் மறந்து நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம்.